முதல் போணிக்கு முன்னால் ஒரு பெட்டி

நாகலெட்சுமி வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்காத சாமான் ஒன்றே ஒன்றுதான் என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள். அது அவள் புருசன் வீரய்யா. வீரய்யாவே அதை ஒத்துக்கொள்வார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பயந்துகிட்டுத்தான் இருக்கேன்" என்பார்.

"பில்லு தரல, அதான்" என்பாள் நாகலெட்சுமி.

மற்றதெல்லாம் போய் வந்தவைதான். கம்பி வளைந்த குடை போனது. விசிலடிக்க யோசிக்கிற குக்கர் போனது. வலப்பனைச் சந்தையில் வாங்கிய பலாப்பழம், அறுத்துச் சில சுளைகள் தின்று பார்த்த பிறகும், சாக்கில் கட்டப்பட்டு வலப்பனைக்கே போனது. "தின்னுபுட்டியேம்மா" என்று பழக்காரர் அழாத குறையாகக் கேட்டார். "தின்னாமத் தெரியுமா இனிக்கலன்னு?" என்றாள் நாகலெட்சுமி. பழக்காரர் காசை எண்ணிக் கொடுத்தார்.

இறம்பொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்துப் பெக்டரியில் அவள் பார்த்த வேலை அப்படி. காய்ந்த தேயிலைக் குவியலுக்குள் ஒளிந்திருக்கும் காம்பையும் நாரையும் பொறுக்கி எறிவது. வருசக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கி, உலகமே அவள் கண்ணுக்கு ஒரு தேயிலைக் குவியலாகிவிட்டது. எங்கேயாவது ஒரு காம்பு இருக்கும். தேடினால் அகப்படும்.

இதனால் லயத்தில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் நுவரெலியாவுக்குப் போய்க் கூரைப் பட்டு எடுப்பது நாகலெட்சுமிதான். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் பார்க்கலாம், ஜாதகத்தை ஐயர் பார்க்கலாம், பட்டை அவள்தான் பார்க்க வேண்டும். பட்டை வெளிச்சத்தில் பிடித்து, கசக்கி, முகர்ந்து, கடைசியில் காதோரம் வைத்து உரசிக் கேட்பாள். என்ன கேட்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு நாளுக்காகவே அவள் தன் நல்ல சேலையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

இந்தத் தை மாதம் அடுத்த காம்பரா வீட்டில் கல்யாணம். வீரய்யாவின் தங்கை வேலாயியின் மகள் ஜெயந்தினிக்கு. பட்டு எடுக்க வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அதற்குள்தான் கம்பியூட்டர் வந்து கெடுத்தது.

வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் நாகலெட்சுமி அதை மகள் சுலக்‌ஷனாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். சுலக்‌ஷனா அதில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் வடிவமைத்துக் கொடுப்பாள். வாங்கிய இடம் நுவரெலியாக் கடைவீதியில் அழகம்மை ஸ்டோர்ஸ். முன்பக்கம் சேலை, சுவெட்டர், லேஞ்சிக் கைக்குட்டை. பின்பக்கம் கம்பியூட்டர். முன்பக்கத்தைத் தொடங்கிய தம்பையா மாலை போட்ட படமாகச் சுவரில் இருந்தார். பின்பக்கத்தைத் தொடங்கியது அவர் மகன் மதுசூதனன், கொழும்பில் படித்தவன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில், கல்லாவில், தம்பையாவின் மனைவி அழகம்மை உட்கார்ந்திருப்பார்.

அங்கிருந்த அத்தனை பெட்டிகளையும் நாகலெட்சுமி தட்டிப் பார்த்தாள். விசிறியின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டாள். ஒன்றைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னாள். அப்படிப் பொறுக்கி எடுத்த பெட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தியில் சுலக்‌ஷனா போனில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவள், "அய்யய்யோ, அம்மா! நம்ம கம்பியூட்டர்ல இருக்கிற புரொசசர்ல ஓட்டையாம்!" என்றாள்.

நாகலெட்சுமி டோர்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். "எந்தப் பக்கம்?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. புரொசசர்னா அதோட மூளை. அது என்னா செய்யுதுன்னா, நாம ஒரு வேலை சொல்றதுக்கு முன்னுக்கே, இதத்தான் கேப்பாங்கன்னு யூகிச்சு செஞ்சு வச்சிருது. நாம கேக்கலன்னா தூக்கி வீசிருது. ஆனா வீசின எடத்துல ஒரு தடயம் கெடக்கும். அத வேற ஆளுங்க பாத்து, உள்ள என்னா ரகசியம் இருந்திச்சின்னு கண்டுபுடிக்கலாமாம்."

நாகலெட்சுமி டோர்ச்சை அணைத்தாள்.

"நம்ம குப்பையில கெடக்கிற முட்டக் கோதப் பாத்துட்டு, ‘என்னா மைனி, நேத்து முட்டக் கொழம்பா’ன்னு வேலாயி கேப்பாளே, அந்த மாதிரியா?"

சுலக்‌ஷனா அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அதே மாதிரிதாம்மா. இன்னொண்ணும் இருக்கு. உள்ளுக்க ஒவ்வொரு வேலைக்கும் நடுவுல சொவரு மாதிரி இருக்குமாம். அந்தச் சொவருக்கு மேலால எட்டிப் பாத்துரலாமாம்."

மூலையில் இருந்த வீரய்யாவும் சேர்ந்து மூன்று பேரும் தானாக அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களுடைய காம்பராவுக்கும் வேலாயியின் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் போகாமல் பாதியிலேயே களைத்து நின்றிருந்தது. அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் பொதுவான இருட்டு. அந்தப் பக்கம் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த தேங்காய் திருவுகிற சத்தம் இப்போது நின்றிருந்தது.

"வெளங்கிருச்சு" என்றாள் நாகலெட்சுமி குரலைத் தாழ்த்தி. "லயத்தக் கட்டுன ஆளுதான் இதையும் கட்டியிருக்கான்."

"அப்ப லயத்தையும் சேத்துத் திருப்பிக் குடுத்துரு" என்றார் வீரய்யா.

அவள் சிரிக்கவில்லை. கம்பளியை எடுத்துக் கம்பியூட்டரைத் தலையோடு போர்த்தி, முகத்தை வேலாயி வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பயன் இல்லை. மறுநாள் காலை, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குடங்கள் வரிசையில் நிற்க, வேலாயி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"என்னா மைனி, பொட்டியில ஓட்டையாமே?"

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. கேட்டிச்சு." வேலாயி குடத்தைக் கழுவியபடி, யாரையும் பார்க்காமல் பேசினாள். "பொட்டி பாக்கத் தெரியாதவங்க பட்டு பாப்பாங்களான்னு எங்க வீட்டு மனுசன் கேக்குறாரு. நான் கேக்கல. மேட்டு லயத்து ரூபிகா இப்ப போன்லயே நல்லாப் பாத்து எடுக்குதாம். வெள்ளிக்கெழமைக்கு அதக் கூட்டிக்கிட்டுப் போகலாமான்னு ஒரு யோசன."

பீலித் தண்ணீர் நாகலெட்சுமியின் குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவள் கவனிக்கவில்லை. போனில் பட்டு பார்க்கிறவள்! உரசிக் கேட்கக்கூட முடியாதே.

"வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தப் பொட்டி கடைக்குப் போயிருக்கும். காசு கைக்கு வந்திருக்கும். இல்லாட்டி நீ ரூபிகாவக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

"வாக்கு மாறாதீங்க மைனி" என்றாள் வேலாயி. சிரிக்காமல் சொன்னதுதான் அதிகமாகக் குத்தியது.

செவ்வாய்க்கிழமை பகல் பஸ்ஸில் நாகலெட்சுமி நுவரெலியா போனாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் பெட்டியைச் சுற்றி, மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டாள்.

மதுசூதனன் பொறுமையாகக் கேட்டான். பிறகு பொறுமையாக மறுத்தான். "அம்மா, பொட்டி வேல செய்யுதா?"

"செய்யுது."

"அப்ப வாரண்டியில வராதும்மா. ஓட்டைக்கு கம்பெனி மருந்து குடுக்குது. அப்டேட் போட்டாச் சரியாயிரும். என்னா, கொஞ்சம் மெதுவாப் போகும்."

"மெதுவாப் போற பொட்டி வேற வெச்சிருந்தீங்களே, வெல கொறச்சலா. நான் அதையா எடுத்தேன்? வேகமாப் போறதுக்குத்தானே காசு குடுத்தேன்?"

"அது… தொழில்நுட்பம்மா" என்றான்.

அந்த நேரம் ஒரு பெண் பிள்ளையின் சுவெட்டரோடு வந்து, கை நீளமாக இருக்கிறது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அழகம்மை கல்லாவிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "நல்ல வேளை இப்ப வந்த. காலைல போணிக்கு முன்னால வந்திருந்தா வாசல்லயே நிப்பாட்டியிருப்பேன். நாள்ல மொத யாவாரமே திரும்பி வர்ற சாமான்னா, அன்னிக்குப் பூரா கல்லாவுல காசு தங்காது. எங்க வீட்டுக்காரரு உசிரோட இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட அப்படி விட்டதில்ல."

நாகலெட்சுமி பெட்டியை மறுபடி படங்கில் சுற்றினாள். போகும்போது கேட்டாள்: "காலைல எத்தன மணிக்குப் பெரியம்மா கட தொறப்பீங்க?"

புதன்கிழமை முதல் பஸ். கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. வளைவுக்கு வளைவு அருவிச் சத்தம் மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. துணைக்கு வந்த சுலக்‌ஷனா தூங்கி அம்மாவின் தோளில் விழுந்தாள். அம்மா பெட்டியை விட்டு ஒரு கையை எடுக்கவில்லை.

மதுசூதனன் கதவை உயர்த்தியபோது முதலில் தெரிந்தது படங்குச் சாக்கு. பிறகு அதன் பின்னால் நாகலெட்சுமி. பாதிக் கதவோடு அவன் கை நின்றுவிட்டது.

"ஆரு மது?" என்றார் உள்ளிருந்து அழகம்மை.

"நேத்து வந்த அம்மா."

"வாங்கவா, குடுக்கவா?"

"குடுக்க."

உள்ளே ஊதுபத்தி கொளுத்துகிற கை நின்றதை வாசலிலிருந்தே உணர முடிந்தது. "வேற ஆளு வர்ற வரைக்கும் அந்தம்மாவ உக்காரச் சொல்லு" என்றார் அழகம்மை.

நாகலெட்சுமி உட்காரவில்லை. நேரே போய்ப் பெட்டியை மேசை மேல் வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி, கல்லாவுக்கு நேர் முன்னால் வைத்தாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு எதிர்க் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டான் மதுசூதனன். அடுத்து ஒரு தோட்டத்து அம்மா சட்டைத் துணி வாங்க வந்தாள். "வாங்கம்மா, வாங்க!" என்று ஓடினான். அந்த அம்மா மேசையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "யாரோ மொதல்ல வந்திருக்காங்க போல" என்று அதன் பின்னால் நின்றாள்.

"அது சும்மா வச்சிருக்கும்மா, நீங்க சொல்லுங்க."

"பரவால்லங்க, அவங்க வரட்டும்."

பிறகு இரண்டு பேர். பிறகு ஒரு குடும்பம், கல்யாணத்துக்குப் பட்டெடுக்க. எல்லாரும் தோட்டத்து ஆட்கள். பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டுப் போனால் ஆளே நிற்கிற மாதிரி. மற்றவர் குடத்தைத் தாண்டித் தண்ணீர் பிடித்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வாங்க வேண்டும். பெட்டி வரிசையில் முதலில் இருந்தது. அதைத் தாண்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மதுசூதனன் பெட்டியை மெல்ல ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தான்.

"ஏங்க, ஆளில்லாத நேரத்துல அப்படிச் செய்யலாமா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. அவன் கையை எடுத்துவிட்டான்.

கடைசியில் ஒரு சிங்களக் கடைக்காரர் காதுத் தொப்பி கேட்டு வந்தார். இவருக்குப் பீலிக்கரை தெரியாது. அழகம்மையின் முகம் மலர்ந்தது. ஆனால் அதற்குள் நாகலெட்சுமி திரும்பி வந்துவிட்டாள். "டிக்கக் இன்ட மாத்தயா, போலிம" என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நீண்ட வரிசையைக் காட்டினாள். அவர் வரிசையைப் பார்த்து, ஏதோ மானிய விலையில் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஆவலாகக் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"அம்மா, நானே ஒரு சுவெட்டர் வாங்கிக்கிறேனே? காசு போட்டுர்றேன்" என்றான் மதுசூதனன் கல்லாவைப் பார்த்து.

"சொந்தக் கடையில சொந்தக் காசுல போணியா? அப்பா படத்தப் பாத்துப் பேசு."

அவன் பார்த்தான். தம்பையா சம்மதிப்பதாகத் தெரியவில்லை.

அழகம்மை இறங்கி வந்தார். "ஏம்மா, ஒன் பொட்டிய எடுத்துக்கிறேன். காசும் தர்றேன். ஆனா அதுக்கு மொதல்ல, என்னமோ ஒண்ணு, ஒரே ஒரு லேஞ்சி, நீ காசு குடுத்து வாங்கணும். அதான் போணி. சரியா?"

"சரிங்க பெரியம்மா. அதுக்கென்னா" என்றாள் நாகலெட்சுமி.

நாகலெட்சுமி யார் என்று தெரியாமல் அழகம்மை அப்படிச் சொல்லிவிட்டார்.

முதல் கைக்குட்டையின் ஓரத்தில் தையல் கோணல். இரண்டாவது வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. "சளி சிந்துனா கைக்கு வந்துரும்" என்றாள். மூன்றாவதில் சாயம். எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். பட்டெடுக்க வந்த குடும்பம் அவளை மரியாதையாகப் பார்க்கத் தொடங்கியது. ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டி திறந்தார்கள். சுலக்‌ஷனா சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஏதாவது ஒண்ணு" என்றான் மதுசூதனன்.

"கண்ணத் தெறந்துகிட்டே குப்பைய வாங்கச் சொல்றீங்களா தம்பி? நானே ஒரு குப்பையக் குடுக்கத்தான் வந்திருக்கேன்."

கடைசியில், ஒரு மூலையில் நூல் பிரிந்த நீலக் கைக்குட்டை ஒன்றை, நூலுக்காக விலை குறைத்து, எடுத்தாள். அழகம்மை அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். கடை முழுக்க மூச்சு விட்டது. பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணி நாகலெட்சுமியின் கையில் வைத்தார். வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

நாகலெட்சுமி பணத்தை முந்தானையில் முடிந்தாள். வென்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவளுடையது.

"இப்ப ஓட்ட இல்லாத பொட்டி ஒண்ணு காட்டுங்க" என்றாள்.

மதுசூதனன் தயங்கினான். அவன் நேர்மையான பையன்தான். "இல்லம்மா."

"முடிஞ்சிருச்சா?"

"வந்ததே இல்ல. இங்க இருக்கிற எல்லாத்துலயும் அது இருக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் இருக்கும். பேங்குல இருக்கிறதுலயும் இருக்கு. இந்தா, நான் பில்லு போடுற இதுலயும் இருக்கு. உலகம் பூரா அப்படித்தான். பெரிய பெரிய எஞ்சினியருங்களுக்கே இத்தன வருசம் தெரியல."

நாகலெட்சுமியின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. "எங்க தோட்டத்து ஆபீசுல இருக்கிற பொட்டியிலயும்?"

"ஆமா."

"பெரிய தொரை மடியில வச்சிருக்கிறதுலயும்?"

"அதுலயுந்தான்."

"அப்ப நான் ஏமாறல!" என்றாள், கடை முழுக்கக் கேட்க. "உள்ளதுலயே நல்லதத்தான் எடுத்திருக்கேன்!"

"அம்மா" என்று சுலக்‌ஷனா முந்தானையை இழுத்தாள். "பொட்டி வேணும். ஜெயந்தினி பத்திரிக இன்னும் பாதியிலதான் நிக்குது."

நாகலெட்சுமி திரும்பினாள். மேசையில் படங்கிலிருந்து பாதி வெளியே தெரிந்த தன் பழைய பெட்டியைப் பார்த்தாள். போய்த் தட்டினாள். காது வைத்துக் கேட்டாள்.

"இது என்னா வெல?"

மதுசூதனன் சொன்னான். இப்போது அவள் முடிந்து வைத்திருந்த அதே தொகை.

"அது புதுப் பொட்டி வெல தம்பி. இது யாரோ பாவிச்சிட்டுத் திருப்பிக் குடுத்த பொட்டி."

"நீங்கதானேம்மா திருப்பிக் குடுத்தீங்க! இப்பத்தானே!"

"யாரு குடுத்தா என்னா? பழசு பழசுதானே. பஸ்ஸுல வேற ரெண்டு தடவ ஏறி எறங்கியிருக்கு. இந்தா பாருங்க, இங்க ஒரு கீறல்."

"அந்தக் கீறல் ஒங்க வீட்டுலதான் விழுந்திருக்கும்!"

"அதத்தான் சொல்றேன். பழசு."

அழகம்மை கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மகன் பார்த்ததில்லை. "கொறச்சுக் குடு மது. இந்தம்மா வெளிய போனாத்தான் நமக்கு யாவாரம்."

பெட்டி மறுபடி படங்குக்குள் போனது.

அந்தி சாய லயத்துக்கு வந்தபோது வேலாயி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காத்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். "என்னா மைனி, போன பொட்டி அப்படியே திரும்பி வருது!"

"போனது புதுப் பொட்டி" என்றாள் நாகலெட்சுமி நடந்துகொண்டே. "அதுக்குக் காசு வாங்கியாச்சு. இது பழைய பொட்டி. மலிவா வந்திச்சு, எடுத்துக்கிட்டேன்."

வேலாயி சுலக்‌ஷனாவைப் பார்த்தாள். "நெசந்தான் அத்தை" என்றாள் சுலக்‌ஷனா. ஒவ்வொரு வார்த்தையும் நிசம்தான்.

உள்ளே போனதும் வீரய்யா கதையைக் கேட்டார். நாகலெட்சுமி ஒன்று விடாமல் சொன்னாள். வரிசை, லேஞ்சி, பெரிய துரையின் மடி, கீறல். வழக்கத்தை விடக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். சுவர் பக்கமாகத் திரும்பி நின்று சொன்னாள். அந்தப் பக்கம் தேங்காய் திருவுகிற சத்தம் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

கதை முடிந்தது. பிறகு சுவருக்கு மேலே இருட்டிலிருந்து குரல் வந்தது.

"மைனி."

"என்னா?"

"வெள்ளிக்கெழம மொத பஸ்ஸா, ரெண்டாவது பஸ்ஸா?"

நாகலெட்சுமி எழுந்து போய்த் தன் நல்ல சேலையின் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்.

"மொத பஸ்ஸு. பாவம் அந்த மனுசி, அவங்களுக்கு ஒரு நல்ல போணி ஆகட்டும்."

"சரி மைனி. அந்த நீல லேஞ்சியையும் எடுத்துக்கங்க. நூல் பிரிஞ்சிருக்குன்னீங்களே."

"போணி முடியட்டும்டி" என்றாள் நாகலெட்சுமி. "அப்புறம் குடுப்போம்."